வாய் கொப்பளிக்காதவள்

கரண்டி இரண்டு முறை கிணுங்கியபோது காற்று இன்னும் வந்திருக்கவில்லை.

தையல்காரி மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். கதவை ஒட்டிச் சுவரில் பதித்திருந்த இரும்புக் குழாய் வழியாக உள்ளே வரும் கயிறு, சுவர் வளையத்தில் முடியப்பட்டிருந்தது. அதில் கட்டித் தொங்கவிட்ட பழைய கரண்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு இழுப்பு என்றால் ‘வருகிறேன்’ என்று அர்த்தம். ஆனால் காற்றில்லாத நேரத்தில் கயிற்றை யார் தொடுவார்கள்? எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயிலில் கண் கூசும் வெள்ளைப் பொட்டல், அதற்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிற வால்வுக்காரியின் வீடு, சாத்திய கதவு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரத்தில் ஓடும் கயிறு பாதி தூரத்தில் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

“அதுக்குள்ள பொறுக்கலையாடி உனக்கு,” என்று முணுமுணுத்துச் சிரித்தாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்கிறவளுக்குத்தான் காற்று வருவது முதலில் தெரியும். பார்த்ததும் வீட்டுக்கு ஓடிவந்து உள்ளேயிருந்தே இழுத்திருப்பாள். தையல்காரி கயிற்றைப் பிடித்து ஒரு தடவை இழுத்தாள். ஒரு இழுப்பு என்றால் ‘வா’. அப்புறம்தான் தொலைவில், பூமி முடிகிற இடத்தில், வெள்ளையாக ஒரு சுவர் எழும்புவதைக் கண்டாள்.

நாட்டின் கடைசியில் இருக்கிற இடம் அது. அதற்கு அப்பால் ரோடு கிடையாது. வெள்ளை மண்ணை வெட்டி லாரியில் ஏற்றுகிற வேலை, அந்த வேலைக்காக வந்த குடும்பங்கள், தகரம் போட்ட வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். மரம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. காற்று கிளம்பினால் அந்த மண் மாவாகப் பறந்து, நீட்டிய கை நீட்டியவளுக்கே தெரியாது. அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு கயிறு. காற்றுக்குக் குறுக்கே போகிறவர்கள் உடம்பின் பாரத்தைக் கயிற்றின் மேல் சாய்த்துக்கொண்டுதான் அடியெடுத்து வைக்க முடியும். கயிறு விறைப்பாக இருக்கிறவரை உயிர் கையில் இருக்கிறது. தொய்ந்தால் காற்று ஆளை ஒரு பக்கமும் கயிற்றை ஒரு பக்கமும் கொண்டுபோய்விடும். அப்படிப் போனவர்கள் உண்டு, திரும்பக் கிடைத்தவர்கள் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் எட்டாத அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இரண்டே இரண்டு: காற்றில் கயிற்றின் மேல் கை வைத்து அவிழ்க்கக் கூடாது. மூன்று இழுப்பு வந்தால், வருகிறவன் பரம விரோதியாக இருந்தாலும், உள்ளே இழுத்துப் போட வேண்டும்.

அந்தக் காற்றைக் கண்டு பயப்படாதவர்கள் இரண்டே பேர். சுரங்கத்தில் இருக்கும் ஆண்கள் காற்று ஓயும்வரை அங்கேயே ஷெட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். கதவுகள் சாத்தியிருக்கும். பக்கத்து வீட்டுக் கண்கள் எதுவும் வேலை செய்யாது. வால்வுக்காரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். “ஊர்ல அத்தனை பேரும் காத்து வேணாம்னு கும்பிடுறாங்க, நாம ரெண்டு பேரும்தான் இன்னும் காணோமேன்னு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்,” என்று ஒரு தடவை அவள் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்புக்காகவே தையல்காரி அடுத்த காற்றுவரை உயிரோடு இருந்தாள் என்று சொல்லலாம்.

தையல்காரியின் புருஷன் புல்டோசர் ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. வருவான், சாப்பிடுவான், ஏப்பம் விடுவான், தூங்குவான். அவளிடம் ஒரு கேள்வி கேட்டு வருஷக் கணக்காகிறது. ஆனால் வால்வுக்காரிக்கு வாய்த்தவன் அப்படியில்லை. பாறைக்கு வெடி வைக்கிற ஆள் அவன். வெடிச் சத்தத்தில் பாதிக் காது போனதால் கண்ணும் கையும் இரட்டிப்பாக வேலை செய்தன. போன வாரம் கிழிந்த சட்டையோடு வந்து, தைத்து முடிக்கிறவரை வாசலிலேயே நின்றான்.

“ஏன் தங்கச்சி, எல்லா வீட்டுக் கயிறும் சொரசொரன்னு இருக்கு. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கறது மட்டும் ஏன் இப்படி வழுவழுன்னு தேஞ்சு கிடக்கு?”

ஊசி விரலில் ஏறியதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. “எங்களுக்கு என்ன தெரியும்ணே. வெயில்ல தேஞ்சிருக்கும்.”

“வெயில்ல,” என்றான் அவன். சட்டையை வாங்கிக்கொண்டு, போகிற வழியெல்லாம் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனான்.

அதோடு முடிவெடுத்துவிட்டாள். காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் தண்ணீர் லாரி வரும். தொட்டியை நிரப்பிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது டிரைவர் யாரையும் ஏற்றிக்கொள்வான், கேள்வி கேட்க மாட்டான். இரண்டு பேருமாகப் போய்விடலாம் என்று வால்வுக்காரியிடம் சொன்னாள். அவள், “அடுத்த காத்துல வந்து சொல்றேன்டி, ஊசி,” என்றாள். ஊசி என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் கூப்பிடுவாள். அந்த அடுத்த காற்று இதோ வருகிறது. தையல்காரிக்கு வேண்டியதெல்லாம் அவள் வாயிலிருந்து ஒரு சொல்.

காற்று வந்து சுவரில் மோதியது. தகரக் கூரை ஒரு தரம் தூக்கிப் போட்டு உட்கார்ந்தது, ஜன்னல் வெளுத்து, பழுத்து, கருத்தது. கதவிடுக்கில் திணித்த கந்தலையும் மீறி மாவு உள்ளே வழிந்தது. பட்டப்பகலில் லாந்தர் ஏற்ற வேண்டியதாயிற்று. தீக்குச்சியின் மருந்து வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, அதற்கு அடியில் நாக்கில் ஒட்டும் அந்த வறண்ட மண்ணின் வாசனை, எல்லாம் சேர்ந்து அறையை நிறைத்தன. கயிறு விறைத்து முறுகிக் குழாய்க்குள் கிறீச்சிட்டது. யாரோ அதன் மேல் சாய்ந்துகொண்டு வந்தார்கள்.

கதவு தட்டப்பட்டதும் தாழைத் தள்ளினாள். உயரமான உருவம் வெள்ளை வெளேரென்று உள்ளே வந்தது. தலையும் முகமும் துணியால் சுற்றியிருந்தது. தோளை முட்டுக்கொடுத்துக் கதவைச் சாத்தித் தாழிட்டுத் திரும்புவதற்குள் அது நேராகப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது.

“கடைசியில நிலையில இடிச்சுக்காம வந்துட்டியே, அதிசயம்தான்,” என்றாள் தையல்காரி. வால்வுக்காரி நெட்டை. வருகிற ஒவ்வொரு தடவையும் தலையை இடித்துக்கொண்டு, வீடு கட்டியவனின் வம்சத்தையே திட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

பதில் வரவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. கயிற்றில் வந்தவர்களின் வாய்க்குள் மாவு அப்பிப் பசையாகிவிடும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் முகத்துணியை அவிழ்ப்பார்கள், அப்புறம்தான் பேச்சு. அதுவரை எந்த வீட்டிலும் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. தையல்காரி டம்ளரை நீட்டினாள். அது வாங்கிக்கொண்டது. இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

“கொப்பளிடி.”

தலை ஆடியது, சரி என்பதாக. டம்ளர் மடியிலேயே இருந்தது.

களைத்துப் போயிருப்பாள், மூச்சு வாங்கட்டும் என்று தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். மனசு நிலைகொள்ளவில்லை. கேட்கக் கூடாதுதான், ஆனால் ஒரு வாரமாகத் தொண்டையில் நிற்கிற கேள்வியை எவ்வளவு நேரம் அடக்குவது?

“யோசிச்சியா?”

தலை ஆடியது.

“நாளைக்கு லாரியில போயிடலாமா?”

தலை ஆடியது.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. அந்தத் தோளில் முகத்தைப் புதைத்தாள். பல வருஷங்களில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே மூச்சை இழுத்தாள். எப்போதும் அந்தத் தோளில் ஈரத் துருவின் வாசனை அடிக்கும். நாளெல்லாம் குழாயோடும் சக்கரத்தோடும் மாரடிக்கிறவள். அந்தப் பொட்டலில் சேலைக் கரை எப்போதும் நனைந்திருக்கிற ஒரே பெண். இன்று துரு வாசனை இல்லை. புது மூட்டையைப் பிரித்தால் வரும் வறண்ட வாசனை மட்டும் வந்தது. குனிந்து பார்த்தாள். சேலைக் கரை காய்ந்திருந்தது. காற்றில் வந்தால் காயத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வால்வுச் சக்கரம் திருப்பித் திருப்பி அவளுடைய உள்ளங்கையின் குறுக்கே காய்ப்பு ஏறியிருக்கும். அந்த மேட்டை விரலால் தடவிக்கொண்டே பேசுவது தையல்காரியின் வழக்கம். இன்றும் விரல் தானாகத் தேடிற்று. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை தேடிற்று.

கை வழுவழுவென்று இருந்தது.

அப்போதுதான் கரண்டி கிணுங்கியது. இரண்டு முறை.

தையல்காரி அசையவில்லை. கயிற்றைப் பார்த்தாள். விறைத்து முறுகிக்கொண்டிருந்தது. காற்றின் வேலையாக இருக்கும். காற்று கரண்டியை ஆட்டும், தடதடவென்று ஆட்டும். ஒன்று, நிறுத்தம், இரண்டு என்று எண்ணி ஆட்டாது.

மறுபடியும் கிணுங்கியது. ஒன்று. இரண்டு.

வருகிறேன்.

“யாரு?” என்றாள் மெல்ல. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. “உங்க வீட்ல யாரு இருக்கா?”

பக்கத்தில் இருந்தது திரும்பிப் பார்த்தது. துணிச் சுற்றுக்கு நடுவே கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல் இருந்தது.

“அவரா? அவரு ஷெட்ல இல்லையா?” குழாயின் பக்கம் திரும்பினாள். “உன் பின்னாடியே வந்துட்டாரா?”

தலை ஆடியது.

கயிற்றைத் தடவிக்கொண்டு போன அந்த உள்ளங்கை அவள் நினைவுக்கு வந்தது. இன்று அவன் வேலைக்கே போயிருக்க மாட்டான். எங்காவது ஒளிந்து நின்று, பெண்டாட்டி கயிற்றைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, தானும் பிடித்திருக்கிறான். இழுப்புக் கணக்கு அவனுக்குத் தெரியாதா என்ன. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கதவுக்கு வந்துவிடுவான். மற்றவர்கள் கண்டால் வாயால் கொல்வார்கள். இவன் கையில் இருப்பது வெடி. நாளைக் காலை லாரி புறப்படும்போது தொட்டியடியில் நிற்க இரண்டு பேர் இருக்க மாட்டார்கள்.

கயிறு குழாய்க்குள் அலறியது. பாரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பயத்தில் அவள் கண் அறையெல்லாம் அலைந்தது. கட்டிலில் இருந்த உருவமோ ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மெஷினின் பலகை மேல் கத்தரி கிடந்தது. கோணித்துணி வெட்டுகிற பெரிய கத்தரி.

“வேணாம்டி,” என்றாள். “பாவம்டி அது. யாரா இருந்தாலும்.”

அது தலை ஆட்டவில்லை. கத்தரியையே பார்த்தது.

கரண்டி கிணுங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

இழு, சாகிறேன், இழு.

பரம விரோதியாக இருந்தாலும். சின்ன வயசிலிருந்து கேட்ட சட்டம் இல்லை அது, இந்த இடத்துக்கு வந்து கற்றது. ஆனால் கற்றது கற்றதுதான், கை தானாகக் கயிற்றுக்குப் போயிற்று. இழுக்கப் போன கையில் கத்தரி இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றாள். கயிற்றின் நடுக்கம் உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. அந்த முனையில் ஒரு உயிர் அந்தக் கயிற்றை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், கட்டிலில், நாளைக்கு வருகிறேன் என்று தலையாட்டியவள் இருந்தாள். யாருக்காவது ஒருத்தருக்குத்தான் இடம்.

வெட்டினாள். வெட்டு விழவில்லை. முறுக்கு கனம். மறுபடி வெட்டினாள். மறுபடி. கடைசிப் புரி தானாகவே தெறித்தது. அறுந்த நுனி குழாய்க்குள் விருட்டென்று ஓடி மறைந்தது.

வளையத்தில் மிச்சம் ஒரு முழம் கயிறு. அதில் கரண்டி. ஆடி, நின்றது.

காற்று மட்டும்.

அப்புறம், வெகு பக்கத்தில், சுவருக்கு அந்தப் பக்கமே, யாரோ கையால் தட்டித் தடவினார்கள். தகரத்தின் மேல் உள்ளங்கை. காய்ப்பு ஏறிய கை சொரசொரவென்று உரசுகிற சத்தம்.

“ஊசி.”

தையல்காரி சுவரில் காதை வைத்தாள்.

“ஊசி, கயிறு எங்கடி?”

மாவு அப்பிய வாயால் பேசுகிற குரல். குழைந்து, துப்பி, மறுபடி பேசுகிற குரல். அவளுடைய குரல்.

கத்தரி கையிலிருந்து விழுந்தது. கதவுக்குப் பாய்ந்தாள். தாழின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. அது எழுந்த சத்தமே கேட்கவில்லை. வழுவழுப்பான அந்தக் கை தாழை மூடிக்கொண்டிருந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். கீறின இடத்திலிருந்து வெள்ளை மாவு மெல்லிய கோடாகக் கொட்டியது.

“வலது பக்கம்,” என்று கத்தினாள். “கதவு வலது பக்கம்டி, சுவரை விடாத, சுவரை விடாத.”

காற்று அந்தச் சொற்களை வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது. சுவரில் உரசல் இடது பக்கம் போயிற்று. மூலைவரை போயிற்று. மூலைக்கு அப்பால் சுவர் இல்லை.

“ஊசி.”

தூரத்தில்.

“வர்றேன்னு சொல்லத்தான்டி வந்தேன்.”

இன்னும் தூரத்தில். பொட்டல் ஆரம்பிக்கிற பக்கம்.

“ஊசி.”

அப்புறம் இல்லை.

தையல்காரி கதவடியில் சரிந்து உட்கார்ந்தாள். எவ்வளவு நேரமோ. காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. கூரை அடங்கிக்கொண்டு வந்தது. முதலில் அவள் உணர்ந்தது வாசனையை. ஈரத் துருவின் வாசனை, பக்கத்தில், வரவர அதிகமாக. கண்ணைத் திறந்தபோது எதிரே நின்றிருந்த சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மண்தரையில் ஈரம் பரவி அவள் காலைத் தொட்டது.

அது டம்ளரை எடுத்தது. துணியை லேசாகத் தூக்கி, தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தது. மூலையில் துப்பியது. நிதானமாக, வீட்டு மனுஷி செய்வதாக. தலையின் பக்கவாட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டது, நிலையில் இடித்துக்கொண்டவள் தேய்ப்பதுபோல. பிறகு குனிந்து தையல்காரியின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது. அந்த உள்ளங்கையின் குறுக்கே காய்ப்பு இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

“வர்றேன்டி, ஊசி,” என்றது. அவளுடைய குரல், துளி பிசகில்லாமல். “நாளைக்குக் காலைல லாரியில போயிடலாம். இனிமே காத்துக்குக் காத்திருக்க வேணாம்.”

ஒரு வாரமாக அவள் ஏங்கிய சொல். அதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சுற்றாக, முகத்துணியை அவிழ்த்தது.

அதே நெற்றி. அதே மூக்கு, அதே மோவாய் மச்சம். தையல்காரி கண்ணை மூடப் பார்த்தாள். முடியவில்லை. அதன் இரண்டு கண்களும் அவளுடைய முகத்துக்கு நேராக, இமைக்காமல் திறந்திருந்தன. வெளியே காற்று முழுக்க ஓய்ந்திருந்தது. அந்தக் கண்களுக்குள்ளே மட்டும் வெள்ளையாக, சத்தமில்லாமல், அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் வெகு ஆழத்தில், உயரமான ஒரு சின்ன உருவம், இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத கயிற்றைத் தேடி நடந்துகொண்டிருந்தது.